சொறியாத கை

பேராசிரியை பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க ஒரு பேன் வந்து நின்றது.

கதவு உயரத்துக்கு இருந்தது. ஆறு காலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒவ்வொரு காலிலும் ஒரு கொக்கி.

பள்ளிப் பிள்ளைகளிடம் பேன் எப்படிப் பரவுகிறது என்பதுதான் இந்த முறை கள ஆய்வு என்றார். குழுவுக்குத் தலைமை யார் என்று வகுப்பு முடிவதற்குள் சொல்லிவிடுவாராம்.

எனக்கு அந்தத் தலைமை வேண்டும்.

நாங்கள் எல்லாரும் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க வருகிறவர்கள். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்டிக் கொண்டுவந்து கொடுக்கிற வேலை. ஓர் ஆய்வுக்குத் தலைமை தாங்கினேன் என்று காட்டினால் வெயிலிலிருந்து மேசைக்கு மாறலாம். இந்த வயதில் இவளுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்கும் என் நாத்தனாரின் வாயையும் அடைக்கலாம்.

உண்மையைச் சொன்னால், இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

போட்டிக்கு இருந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். முதல் வரிசையில் உட்காருவார். கேள்வி கேட்கும் முன்பே கை தூக்குவார்.

பேராசிரியை பேனின் பெருமைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். எப்படித் தொற்றிக்கொள்ளும், எங்கே முட்டையிடும், ஈர் எப்படி முடியோடு ஒட்டிக்கொள்ளும், காதுக்குப் பின்னால் ஏன் அதற்கு அத்தனை பிரியம்.

காதுக்குப் பின்னால் என்று அவர் சொன்ன நொடியில் நடு வரிசையில் இருந்த மாட்டு டாக்டரின் கை காதுக்குப் பின்னால் போனது.

அவர்தான் ஆரம்பித்து வைத்தவர். ஐந்து விரலையும் முடிக்குள் விட்டு, மாட்டைத் தடவிக் கொடுப்பது போல நிதானமாகச் சொறிந்தார்.

அடுத்து மருந்துக்கடை அக்கா. கிளிப்பைச் சரிசெய்கிற சாக்கில் உச்சியைச் சொறிந்தார். கிளிப் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பிறகு யார் யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாது. வரிசை வரிசையாகக் கைகள் மேலே போயின. பேனாவால் ஒருவர், ஸ்கேலால் ஒருவர். வழுக்கைத் தலை கணக்காளர்கூட வெறும் மண்டையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். பேன் அங்கே குடியேற வந்தால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பல் டாக்டரும் தாக்குப்பிடிக்கப் பார்த்தார். முகம் சிவந்தது. கடைசியில் இரண்டு கையாலும் சொறிந்தார்.

எனக்கும் உச்சியில் குறுகுறுத்தது. பிடரியில் குறுகுறுத்தது. எல்லாருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்.

இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். தலையே போனாலும் கை தலைக்குப் போகக்கூடாது. பல்லைக் கடித்தேன். நாத்தனாரின் முகத்தை நினைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

பேராசிரியை பேச்சை நிறுத்திவிட்டு வகுப்பை ஒரு சுற்று பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நோயே இல்லாமல் அறிகுறி மட்டும் எப்படிப் பரவுகிறது பாருங்கள் என்றார். படத்தைப் பார்த்ததற்கே இந்தப் பாடு. இப்படிச் சொறிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், பிள்ளைகள் உங்களைத்தான் உட்கார வைத்துப் பேன் பார்ப்பார்கள் என்றார்.

பிறகு என்னைக் காட்டினார். இவ்வளவு கலவரத்திலும் கையை அசைக்காதவர் இவர் ஒருவர்தான், இவர்தான் தலைமை.

வகுப்பு கைதட்டியது. தட்டிய கைகள் உடனே தலைக்குத் திரும்பின.

"அது எப்படி மேடம்? எனக்கு நெஜமாவே அரிக்குது!" என்றார் பல் டாக்டர்.

நான் கைகளை உருவி எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டும் மரத்துப்போயிருந்தன. நாத்தனாருக்கு முதலில் போன் போட வேண்டும். ஸ்பீக்கரில் போட வேண்டும்.

கூட்டம் கலைந்தது. பேராசிரியை என் மேசைக்கு வந்து, பாராட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குனிந்தார். குரல் மட்டும் சன்னமாக வந்தது.

"பேன் இல்லாதவங்கதான் இவ்வளவு தைரியமா சொறிவாங்க. உங்க வீட்ல யாரு கொண்டுவந்தது?"

எனக்குக் காது சுட்டது. மறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உச்சியில் ஊர்ந்தது மறுக்க விடவில்லை.

"சின்னவ, மேடம். அவகிட்டேருந்து எனக்கு."

தலைமை கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். ஆனால் பேராசிரியை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். கதவுப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு கொண்டைக்குள் விரலை விட்டு, கண்ணை மூடி, நன்றாகச் சொறிந்துகொண்டார்.

"எனக்குப் பெரியவ. சீப்பு எங்க வாங்கினீங்க? என்னோடதுல பல்லு ஒடஞ்சு போச்சு."

வாசல்வரை போய்விட்ட பல் டாக்டர் சட்டென்று நின்றார்.

"பல்லா? யாருக்கு மேடம்?" என்று தலையைச் சொறிந்தபடியே திரும்பி வந்தார்.