மேட்டுப்பக்கம்

லூர்தம்மாக்காவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தோட்டத்தில் பத்தொன்பது குடும்பங்கள் புது வீட்டுக்குச் சம்மதித்துவிட்டன. இன்று மாலைக்குள் அவரும் கையெழுத்து வைக்காவிட்டால் இருபதாவது வீடு வேறு யாருக்கோ போய்விடும்.

இஞ்சினியரின் பிளானை, "தாயக்கட்டமால்ல இருக்கு, இதுல எங்க வீடு?" என்று போன வாரமே திருப்பிக் கொடுத்தவர் அவர்.

அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தெரணியகலையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு மோட்டார் படம் வரைகிறவள் நான். வீடு என்ன பெரிய வித்தையா?

மழைக்குப் பிறகு அவர்கள் தங்கியிருந்த கோயில் மண்டபத்தில், அவருடைய பாயிலேயே உட்கார்ந்து, அவர் கண்முன்னே மடிக்கணினியில் வரைந்தேன். மூலையிலிருந்து பார்ப்பதுபோலக் காட்டும் ஐசோமெட்ரிக் படம்; அதில் தரைக்கு மேல்தளம். சுவர்களுக்கு இடது தளமும் வலது தளமும். இழுத்த கோடெல்லாம் மூன்று அச்சுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடியது. தாயக்கட்டம் எழுந்து நின்று வீடானது.

அவசரத்தில் சுவர்க்கடிகாரத்தை மேல்தளத்தில் போட்டுவிட்டேன். அது சோற்றுத்தட்டு மாதிரி அந்தரத்தில் படுத்துக் கிடந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தளத்தை மாற்றியதும் சுவரில் ஏறி ஒழுங்காக நின்றது.

பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

பிறகு அவர் குசினி, அறை, கதவு என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"மேட்டுப்பக்கம் எது, புள்ள?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் மலைச்சரிவில், லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள்தானே. எங்களுக்கு ஏது இடது, வலது? மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம், அவ்வளவுதான். மலையே இல்லாமல் ஒரு வீட்டை வரைந்து வைத்திருக்கிறேனே!

வீடுகள் வரப்போவது டவுன் பக்கம், பழைய விளையாட்டு மைதானத்தில். இருந்தாலும் அவருக்காக ஒரு மலையைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? அச்சுகளை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவை இழுத்தேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நெசமா அங்க மல இருக்கா?"

"இல்லக்கா. வெறும் சமதர. உங்களுக்காகத்தான்..."

"அப்ப அழிச்சிரு. அந்த மழயில அது சரிஞ்சு எங்க லயத்துக் காம்பராவுக்குள்ள வந்தத ஒரு தடவ பாத்தாச்சு, போதும். பேனாவக் குடு, புள்ள."

அழித்தேன். அவர் பாயில் குனிந்து, சம்மதப் படிவத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதினார்.

கையெழுத்து மட்டும் கொஞ்சம் மேடேறிப் போயிருந்தது.