மைக் பிடிக்கிறவன்

"இதான் எழிலன் குரலா மாமா?" என்று கேட்டான் திட்டக்குடியிலிருந்து வந்திருந்த என் மைத்துனன் கண்ணாயிரம்.

"இதேதான்," என்றேன். "அந்த ஊர்த் தண்ணி. தொண்டை கொஞ்சம் மாறியிருக்கு."

மார்கழிக் காலை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. டிவியில் ஒரு குரல் இங்கிலீஷில் ஆட்டத்தை வர்ணிக்க, அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள், கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

படிக்கப் போனதிலிருந்து ஊருக்கே வராத என் மகன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "இங்க கப்பு மேட்ச் மாதிரி பவுல் மேட்ச்சுப்பா. டிவிக்காரங்க என்னை மைக் பிடிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

மைக் பிடிக்கிறவன் என்றால் நம் ஊரில் யார்? பேசுகிறவன்.

உறவுக்கெல்லாம் கார்டு போட்டேன். "நமது எழிலன் அமெரிக்க டிவியில் பேசுகிறான். நாள், நேரம், சானல் கீழே காண்க." பவுல் என்றதும் கிரிக்கெட் என்று கிளம்பி வந்திருந்தான் கண்ணாயிரம். பக்கத்து வீட்டு அந்தோணிசாமிக்கோ அது அப்போஸ்தலர் பெயர்.

ஆட்டம் ஒருவருக்கும் புரியவில்லை. மைதானத்து ஓரத்தில் ஓடிய ஒருவன்தான் பொழுதுபோக்கு. தலையில் தொப்பி, காதில் ஹெட்போன், முகத்துக்கு நேராக ஒரு பெரிய கண்ணாடித் தாம்பாளம். பந்து போகும் பக்கமெல்லாம் அவனும் போனான்.

"யாரு மச்சான் அது, அண்டா மூடியத் தூக்கினு ஓடுறான்?" என்றான் அந்தோணிசாமி.

"பந்திக்காரன். பசங்களுக்குப் பசிச்சா சாம்பார் ஊத்தணும்ல?" என்றேன்.

ஹாலே சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவன் தலை தெரியும்போதெல்லாம் "சாம்பார் வந்துருச்சு" என்று எடுத்துக்கொடுத்தேன்.

என் மனைவி தில்லையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு. காபித் தட்டை அப்படியே வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மறைக்காத," என்று அதட்டினேன்.

ஆட்டம் முடிந்து, எல்லாரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, பாத்தீங்களா? பெரிய தட்டு ஒண்ணு தூக்கினு ஓடுனேனே? அதுக்கு நடுவுலதாம்பா மைக்கு. அவுங்க மோதிக்கிற சத்தமெல்லாம் அது வழியாத்தான் உங்களுக்குக் கேட்டுது."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் வாயில் பொங்கலோடு என்னைப் பார்த்தார்கள்.

"பிரமாதமாப் பேசுன கண்ணு!" என்றேன், தெருமுனை வரை கேட்கும்படி.

"நான் எங்கப்பா பேசுனேன்?" என்றான் அவன்.

வேறு வழி தெரியாமல் ரிசீவரைத் தில்லையம்மாளிடம் நீட்டினேன். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவளிடம் நான் சொல்லவில்லை.

"எவ்ளோ நேரம்டா தூக்கினு ஓடுவ?" என்றாள் அவள். "கை வலிக்கலியா?"