இரண்டு வெள்ளைப் பொட்டு

லண்டன்காரர் பஞ்சை மருந்தில் முக்கிவிட்டார்.

குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு. பட்டாணி அளவுதான். அது போகிற இடத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

குதிரையின் மடி.

இருநூறு வருஷத்து ஓவியம். மடியில் காம்புக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் பொட்டு. எந்தக் காலத்திலோ சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்தது, துடைத்துவிடலாம் என்று போன வாரமே முடிவாகிவிட்டது. துடைக்க லண்டனிலிருந்து ஆளும் வந்தாயிற்று.

முடிவு செய்தவர்களில் ஒருத்தராவது ஒரு குதிரையின் மடியைத் தொட்டுப் பார்த்திருப்பார்களா?

அவள் பேசக்கூடாது. அவள் அந்தக் காட்சிக்கூடத்தின் காவலாள். மூலையில் ஒரு ஸ்டூல், நீலக் கோட்டு, எல்லாப் பித்தானும் போட்டிருக்க வேண்டும். கோட்டில் 'ஆஞ்சி' என்று பெயர் அட்டை. அங்கையற்கண்ணி என்ற பெயரை யார்க்‌ஷயர்க்காரர்களின் நாக்கு அதற்கு மேல் சுமக்கவில்லை. ஓசூர்ப் பக்கம் குதிரைப் பண்ணையில் ஒன்பது வருஷம் டாக்டராக இருந்தவள் என்று அட்டையில் எழுத இடமேது? புருஷனுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் படிப்பு பெட்டிக்குள் போனது.

வாயைத் திறந்தால் வேலை போகும். சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஏழு மாதமாக அந்தப் படத்துக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு லாயம். தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்க்கும் பழுப்புக் குதிரை. சுவர் ஆணியில் ஆளில்லாத ஒரு கோட்டு. கீழே பலகை: 'எஜமானை இழந்த குதிரை'. வரைந்தவன் செத்த குதிரைகளைக் கீறி நரம்பு நரம்பாகப் படித்தவனாம். வயிற்றை மட்டும் கொஞ்சம் பெருக்கப் போட்டுவிட்டானாம்.

கொஞ்சம் பெருக்கவாம்! நரம்பை எண்ணிப் போட்டவனுக்கு வயிறா தப்பிப்போகும்?

அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பஞ்சு மடியை நெருங்கியது.

"தொடாதீங்க!"

தமிழில்தான் கத்தினாள். அந்தக் கூடம் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை.

லண்டன்காரரின் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் நின்ற வினிஃப்ரெட் அம்மையார் மெல்லத் திரும்பினார். கூடத்துக்கே அவர்தான் தலைவி.

போச்சு.

சரி, போனதுதான் போச்சு. அவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் படத்துக்கு அருகில் போனாள். இப்போது இங்கிலீஷ் வந்தது.

"அது வெள்ளையடித்தது இல்லை மேடம். சீம்பால். குட்டி போடும் நேரம் நெருங்கினால் காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டும்."

"வயிற்றுவலி வந்தாலும் குதிரை இப்படித் திரும்பிப் பார்க்கும்" என்றார் அம்மையார். "எங்கள் வீட்டிலும் குதிரை இருந்தது."

"பார்க்கும். காம்பில் மெழுகு கட்டாது. நான் ஊரில் குதிரை டாக்டர்."

பிறகு அவளை யாரும் நிறுத்தவில்லை. அவளாலும் நிறுத்த முடியவில்லை. குட்டிக்கு வழிவிடத் தசை தளர்ந்து வாலடியில் இரண்டு பக்கமும் விழுந்திருக்கும் குழியைக் காட்டினாள். தொடையிடுக்கில் வேர்வை. முழங்கால் உயரத்துக்குப் புது வைக்கோல். ஆணிக்குக் கீழே, தரையில், வட்டமாக ஓர் ஈரம்.

"வாளி இருந்த இடம். எஜமான் தண்ணீர் கொண்டுவரப் போயிருக்கிறான். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். செத்தவன் கோட்டு இல்லை இது."

"அப்படியானால் அந்தக் கண்ணில் தெரியும் துக்கம்?" என்றார் அம்மையார்.

ஏழு மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள்.

"துக்கமே இல்லை மேடம். அவள் வெளியே எதையும் பார்க்கவில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

லண்டன்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மண்டியிட்டார். மடிக்கு நேராகக் கண்ணை வைத்தார்.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தப்பென்று சொல்லிவிட்டால் வேலையோடு போகாது. ஒன்பது வருஷமும் பொய்யாகிவிடும்.

"பழுப்பு காய்வதற்கு முன்பே வெள்ளையை வைத்திருக்கிறான்" என்றார் அவர், எழுந்திருக்காமலே. "ஓரத்தில் இரண்டும் கலந்திருக்கிறது. அவன் கைதான்."

ஜெயித்துவிட்டாள்!

அவள் மட்டுமா? இருநூறு வருஷமாக வயிறு வரையத் தெரியாதவன் என்று பேர் வாங்கிய அந்த மனுஷனும். சந்தோஷத்தில் கண் நிறைந்தது. சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தவர்களைத்தான் அத்தனை திட்டியிருக்கிறாளே.

பஞ்சு குப்பைத்தொட்டிக்குப் போனது. மருந்துப் புட்டி மூடிக்கொண்டது.

அம்மையார் பலகைக்கு முன்னால் போய் நின்றார். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நகத்தால் ஒரு மூலையை நெம்பி, பலகையைக் கையோடு பெயர்த்து எடுத்துக்கொண்டார்.

"உன் பெயர் என்ன?"

"அங்கையற்கண்ணி."

"இன்னொரு தடவை சொல்."

சொன்னாள். அவசரப்படாமல், எழுத்து எழுத்தாக.

அம்மையார் அந்தப் பெயரோடு கொஞ்சம் மல்லுக்கட்டினார். பாதிக்கு மேல் வந்துவிட்டது. அப்புறம் குதிரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்போது பிறக்கும், டாக்டர்?"

"விடிவதற்குள்."

யாரும் சிரிக்கவில்லை.

மூலையில், ஸ்டூலின்மேல், நீலக் கோட்டு கிடந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் சட்டைக் கை இரண்டும் முழங்கைக்கு மேலே மடித்திருந்தது.