எழுபத்தைந்து சதவீதம்

"ஐயா, கெஞ்சிக் கேக்கிறேன். காரணமெல்லாம் அப்புறம் சொல்றேன். பாரத்துல கையெழுத்துப் போட்டு அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்றாள் கம்பெனி செக்ரட்டரி. காலையிலிருந்து இது நாற்பத்தோராவது போன். தொண்டை கட்டிப்போயிருந்தது.

பம்பு கம்பெனி பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் விற்கும் கடைசி நாள் அது. பத்து சதவீத வட்டி என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் பொடி எழுத்து. மாலை ஐந்து மணிக்குள் எழுபத்தைந்து சதவீதமாவது விற்றாக வேண்டும். இல்லையென்றால் வந்த பணம் முழுவதையும் அவரவருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதலாளி நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவர்த் திரையில் எண் எழுபத்தாறுக்கு ஏறும், எழுபத்து நாலுக்கு இறங்கும். அதோடு சேர்ந்து அவர் உயிரும் போய்ப் போய் வந்தது.

"ஏம்மா, ஏன் இறங்குது?"

"போட்டவங்க சிலபேர் வாபஸ் வாங்குறாங்க சார். கடைசி நிமிஷம் வரைக்கும் அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

"விடாதே. ஒவ்வொருத்தரா பிடி. இது கவுந்தா கம்பெனிக்கும் பூட்டு, உன் வேலைக்கும் பூட்டு." குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடிதம் யார் கண்ணுலயும் படலையே?"

"பூட்டி வெச்சிருக்கேன் சார்."

பாதிக்கு மேல் பம்பு வாங்குகிற ஒரே வாடிக்கையாளர், ஒப்பந்தத்தை முறித்து முந்தாநாள் எழுதிய கடிதம். அதைப் படித்ததிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. கம்பெனி ஆறு மாதம் தாங்காது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பட்டியலில் கடைசிப் பெயருக்கு வந்தாள். அவளுடைய சித்தப்பா. அப்பா இல்லாத அவளைப் படிக்க வைத்தவர். பெயருக்கு எதிரே ஒரு தொகை. முப்பது வருடம் பஸ் ஓட்டிச் சேர்த்த காசு அத்தனையும்.

"சித்தப்பா, நான் அனுப்பின பாரம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. இதுல எனக்கு என்ன தெரியும்? கண்ணாடி வேற உடைஞ்சு கிடக்கு. நீ சொன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்."

"போடுங்க சித்தப்பா. இப்பவே போடுங்க."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொந்தச் சித்தப்பாவைக்கூட இவள் விட்டுவைக்கவில்லையே.

"இதை நான் மறக்க மாட்டேம்மா" என்றார்.

மணி ஐந்து. திரையில் எண் எழுபத்து மூன்றில் நின்றது. அப்புறம் அசையவில்லை.

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எல்லாம் போச்சு. காலையிலேர்ந்து அத்தனை பேர்கிட்ட பேசினியே, ஒருத்தர்கூடவா உன் பேச்சைக் கேக்கல?"

அவள் போனைக் கீழே வைத்தாள். அன்று முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டாங்க சார். போட்ட பணத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க."