புறப்படாத படகு

"படகை விட்டா அன்னிக்கே காலேஜை நிறுத்திடுவேன்னு உங்க நைனா சொன்னாரே, இப்ப இன்னா பண்ணப் போற?"

கல்லூரித் தோழி ரிஃபா கேட்க, வளர்மதி மறுபடி மணி பார்த்தாள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ், டயர் பஞ்சராகி வயல்களுக்கு நடுவே நின்றிருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

ரிஃபாவுக்குக் கவலை இல்லை. அவள் வீடு பழவேற்காட்டுக் கடைத்தெருவிலேயே இருக்கிறது. வளர்மதியின் மீனவர் குப்பமோ ஏரிக்கு நடுவே, தீவில். படகோட்டி தசரதனின் கடைசிப் படகு போய்விட்டால் மறுநாள் காலை வரை வேறு வழி கிடையாது.

போன மாதம் ஒருநாள் அப்படித்தான் படகைத் தவறவிட்டு ரிஃபா வீட்டில் தங்கினாள். ரிஃபாவின் அம்மா சொந்த மகளைப் போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் பெண்பிள்ளை ராத்திரி எங்கே தங்கினாள் என்று குப்பத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன நைனா பெரியசாமி, எல்லையம்மன் கோயில் வாசலில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார், இன்னொரு தடவை படகை விட்டால் படிப்பு அன்றோடு நிற்கும் என்று. அம்மன் முன்னால் சொன்ன வார்த்தையை அவர் மாற்றியதே இல்லை.

தசரதனின் போன் அணைந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள். நைனா வலைநூல் வாங்கப் பழவேற்காட்டுக்கு வந்திருப்பதாகவும், அதே படகில்தான் திரும்புவார் என்றும் அம்மா சொன்னாள். விளக்கேற்றி வேண்டிக்கொள்வதாகச் சொல்லி அம்மா போனை வைத்தாள்.

நெல் மூட்டை ஏற்றிவந்த ஒரு மினி லாரி, கை காட்டியதும் நின்றது. ஓட்டி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த சாக்கை எடுத்துப் பின்னால் போட்டு இருவரையும் ஏற்றிக்கொண்டார். கடைத்தெருவோடு திரும்ப வேண்டியவர், வளர்மதியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படகுத்துறை வரை வந்து இறக்கிவிட்டார்.

துறையில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. படகு போயிருக்கும் என்றுதான் ஓடினாள். ரிஃபாவும் கூடவே ஓடிவந்தாள்.

படகு நின்றிருந்தது.

உள்ளே காலிக் கூடைகளோடு மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தசரதன் செல்போன் வெளிச்சம் கூட இல்லாமல் எஞ்சினுக்கு அடியில் கையால் துழாவிக்கொண்டிருந்தான்.

"வா மவளே. உனக்கோசரம் நிக்கலை, எஞ்சின் பிளக்கைக் காணோம். அதான் எல்லாரும் குந்திகினு கீறோம்," என்றாள் தனக்கோடி அத்தை. "உன் நல்ல நேரம்."

படகின் முனையில் நைனா அவளைத் திரும்பியும் பார்க்காமல் தசரதனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பிளக்கைக் கழட்டிப் பலகை மேல வச்சிட்டு எவனாவது டீ குடிக்கப் போவானா? காக்கா தூக்கிகினு போயிருக்கும்."

"காக்காக்கு பிளக்கு எதுக்குண்ணா? அதுவும் இன்னா எஞ்சினா வச்சிருக்குது?" என்றான் தசரதன் பாவமாக. மாற்றுப் பிளக் தீவில் அவன் வீட்டில் கிடந்தது.

வளர்மதி ஏறி உட்கார்ந்ததும் நைனா எழுந்தார். தேடினது போதும், கழி ஊன்றியே போய்விடலாம் என்றார். அதைத்தானே அப்போதிலிருந்து சொல்கிறோம் என்று தனக்கோடி அத்தை முணுமுணுத்தாள். நைனாவே கழியை எடுத்துப் படகைத் தள்ளினார்.

எஞ்சின் இரைச்சல் இல்லாமல் ஏரி அமைதியாக இருந்தது. உங்கள் ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கூடப் படிக்கும் பெண்கள் கேட்பார்கள். வளர்மதியும் யோசித்ததுண்டு. ஒரு பஸ், ஒரு படகு, ஒரு கோயில். அதைச் சுற்றி எல்லாருடைய கண்ணும் வாயும். இன்றைக்கு மட்டும் வேறு மாதிரி தோன்றியது. பெயர் தெரியாத ஒருவர் வழி மாறி வந்து இறக்கிவிட்டார். ரிஃபா கூட ஓடிவந்தாள். ஒரு பிளக் தொலைந்துபோனது. வேண்டிக்கொண்டவர்களை அம்மன் எந்தக் கையால் தாங்குகிறாளோ என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

ஆனாலும் பயம் முழுதாகப் போகவில்லை. படகு தானாக நின்றதால்தான் அவள் ஏறினாள். அது நைனாவுக்கும் தெரியும். அவர் வழி நெடுகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி, மாடத்தில் எரிந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"வளரு, இங்க வா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நைனா மடியிலிருந்து ஒரு சிறிய துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"காலைல காலேஜுக்குப் போறப்ப இதைத் தசரதன் கையில குடுத்துடு. மணல்ல கெடந்துதுனு சொல்லு. அந்தப் பொய்க்கு அம்மன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டுகினேன்."

வளர்மதி பொட்டலத்தைப் பிரித்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு உள்ளே இருந்தது, தசரதனின் எஞ்சின் பிளக்.