வாரத்துக்கு ஒரு மாத்திரை

“வாயத் தொற. நாக்க மேல தூக்கு.”

நர்ஸ் மஞ்சுளா டார்ச் அடித்துப் பார்த்தாள். நதியாவின் வாயில் ஒன்றுமில்லை. ஆனால் கையை விரிக்கச் சொன்னதும், நீல நிறச் சத்து மாத்திரை உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சுளாவுக்கு ஆத்திரம் பொங்கியது. மலைமேல் எட்டு ஊர், இந்த மாணவியர் விடுதி, எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். உதவிக்கு ஆள் கேட்டு மூன்று வருஷமாகிறது, இன்னும் பதிலைக் காணோம். வியாழன் தவறாமல் வந்து, ரத்தசோகைக்கு மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் சொன்னால், இதுகள் கண்கட்டு வித்தை காட்டுகின்றன!

முந்தாநாள் போளூர் மீட்டிங்கில் இரண்டு மணி நேரம் போதை மாத்திரை பற்றியே பேச்சு. மாதம் ஒரு புதுச் சரக்கு வருகிறதாம். பெயரும் கிடையாதாம், டெஸ்டிலும் சிக்காதாம். ‘எங்க புள்ளைங்கள சத்து மாத்திர முழுங்க வெக்கறதே பெரும்பாடு’ என்று அப்போது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வரிசையில் நின்ற மற்ற ஆறு பேரின் கைகளைப் பார்த்தாள். எல்லாம் இறுக மூடியிருந்தன. பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று சந்தேகம் வலுத்தது.

“எத்தினி வாரமா நடக்குது இந்த வேல?”

“மூணு வாரமா, நர்சம்மா.” நதியா தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு. இதுவரை பொய் சொல்லி மாட்டியதில்லை.

வார்டன் அருணா குறுக்கே வந்தாள். “திட்டாதீங்க சிஸ்டர். பரீட்ச வருதுல்ல, திங்கக்கெழம ஆனா விடிய விடிய படிக்குதுங்க. மறுநாளு சோறும் எறங்கறதில்ல.”

அதானே! வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். மஞ்சுளாவின் குரல் கொஞ்சம் தணிந்தது.

“கொமட்டுதா? அதான் ஒளிச்சியா?”

“இல்ல.”

“அப்பறம் இன்னாத்துக்கு? பரீட்ச ஹால்ல ரத்தம் இல்லாம மயங்கி வியுந்தா, உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?”

நதியாவின் கண் கலங்கிவிட்டது.

“நீங்கதான் நர்சம்மா. வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஆமா, சொன்னேன். நானும் ஒண்ணுதான குடுக்கறேன்?”

நதியா ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

“திங்கக்கெழமயே ஸ்கூல் கேட்டாண்ட நீங்க அனுப்பற அண்ணன் ஒண்ணு குடுத்துடறாரே!”