முந்நூறு பதிவும் ஒரு குழாயும்

"ஏங்க, சமையலறைக் குழாய் மூணு நாளா ஒழுகுது. வாளி வச்சு வச்சு என் இடுப்பே போச்சு!"

"இரும்மா. என் வலைப்பூவுல முந்நூறு பதிவு இருக்கு. எதை எந்தப் பிரிவுல வைக்கிறது, எதுக்கு என்ன டேக் ஒட்டுறதுன்னு மண்டை காயுது. படிக்கிறவங்க தேடி அலையக் கூடாதுல்ல?" கணவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மனைவி பிளம்பருக்குப் போன் செய்தாள். அவர் வந்து ஐந்தே நிமிடத்தில் வாஷரை மாற்றினார்.

"இதுக்குப் போயா கூப்பிட்டீங்க அக்கா? 'வீட்டு ரிப்பேர் நம்ம கையில'ன்னு ஒரு வலைப்பூ இருக்கு. குழாய் மாத்துறதை ஒருத்தர் படம் போட்டுப் புட்டுப்புட்டு வச்சிருக்காரு. நானே அதைப் பார்த்துத்தான் தொழில் கத்துக்கிட்டேன்."

அறைக்குள்ளிருந்து கணவர் பாய்ந்து வந்தார்.

"அதை எழுதினதே நான்தான் தம்பி! பிரிவு வழியாப் போய்ப் பிடிச்சீங்களா, டேக் வழியாவா?"

"அப்படியெல்லாம் இருக்கா சார்? தேடுற கட்டத்துல 'குழாய் ஒழுகுது'ன்னு அடிச்சேன், வந்துச்சு."

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் அதற்குள் கணினிக்குத் திரும்பியிருந்தார்.

"நல்லவேளை தம்பி சொன்னாரு! 'ஒழுகுது'ன்னு ஒரு டேக் விட்டுப்போச்சு பாரு!"